'டிப்பரேரி' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால்: நாடுகடத்தப்பட்ட ஐரிஷ் முன்னோரின் ஊரைத் தேடுவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் ஐந்தாறு தலைமுறைகளாக வாழும் பல குடும்பங்களுக்கு, தங்கள் முன்னோர் ஒருவர் அயர்லாந்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றப்பட்டவர் என்பது தெரியும். கப்பலின் பெயர் தெரியும், வந்திறங்கிய ஆண்டு தெரியும், என்ன குற்றம் என்பதும் பெரும்பாலும் தெரியும். அதற்குப் பிறகுதான் தேடல் நின்றுவிடும். 'பிறந்த இடம்: கார்க்' என்றோ 'டிப்பரேரி' என்றோ ஒற்றைச் சொல்லோடு பதிவு முடிந்திருக்கும். கார்க் ஒரு நகரம், அதே பெயரில் ஒரு கவுண்டியும் உண்டு. டிப்பரேரியும் அப்படித்தான். நம் கணக்கில் ஒரு மாவட்டத்துக்குச் சமமான பரப்பில், ஒரே பெயர் கொண்ட நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு நடுவே ஒரு வீட்டை எங்கே போய்த் தேடுவது?

1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளாக அனுப்பப்பட்டவர்கள் சுமார் 1,62,000 பேர். இவர்களில் ஏறத்தாழ 40,000 பேர் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்தே நேரடியாகக் கப்பலேறியவர்கள். லிவர்பூலிலும் லண்டனிலும் பிழைக்கப் போய், அங்கே தண்டிக்கப்பட்டு, ஆங்கிலேயக் கப்பல்களில் வந்து சேர்ந்த ஐரிஷ்காரர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களும் பல ஆயிரம் பேர். 'எங்கள் தாத்தா இங்கிலாந்துக் கப்பலில் வந்தவர், அதனால் ஆங்கிலேயர்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பம், பதிவேட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் திகைத்துப்போவது அபூர்வமல்ல.

ஐரிஷ் வம்சாவளியைத் தேடுகிற எவரும் முதலில் கேள்விப்படுவது 1922 ஜூன் 30. உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்களில், டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பிடித்தது. 1821, 1831, 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி அதில் போனது. அயர்லாந்து திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பங்குப் பதிவேடுகளில், அதாவது ஒவ்வொரு ஆலய வட்டாரத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்த ஏடுகளில், பாதிக்கு மேல் போயின. உயில்கள் போயின, நீதிமன்றக் கட்டுகளும் போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசே அதற்கு முன்பே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது கூழாக்கப்பட்டன. ஆக, முழுமையாக மிஞ்சிய முதல் கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டினுடையது. நம் கைதி செத்து இரண்டு தலைமுறை ஆனபிறகு எடுத்த கணக்கு அது.

இதைக் கேட்டதும் பலர் 'அயர்லாந்தில் எல்லாம் எரிந்துவிட்டது' என்று சொல்லிக் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. சாதாரண ஐரிஷ் ஏழை ஒருவரைத் தேடினால் அது ஓரளவு உண்மைதான். ஆனால் நாடுகடத்தப்பட்டவர் விஷயத்தில் நிலைமை வேறு. கைதிகள் தொடர்பான மனுக்களும் கோப்புகளும் ஃபோர் கோர்ட்ஸில் இருக்கவில்லை; டப்ளின் கோட்டைக்குள் இருந்த அரசு ஆவண அலுவலகத்தில் இருந்தன. அதனால் தப்பித்தன. அதைவிட முக்கியம், அந்த மனிதரைப் பற்றிய இன்னொரு கட்டு ஆவணங்கள் கடலுக்கு அப்பால், சிட்னியிலும் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டிலும் உருவாகிக்கொண்டிருந்தன.

யோசித்துப் பார்த்தால் மனம் கனக்கும் விஷயம் இது. 1830களில் டிப்பரேரியில் நிலமில்லாத கூலி ஒருவர் ஒழுங்காக உழைத்து, குடும்பம் நடத்தி, பஞ்சத்தில் செத்திருந்தால் அவரைப் பற்றி ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது. அவருடைய தம்பி ஒரு ஆட்டைத் திருடி மாட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தம்பியின் கண் நிறம், உயரம், கன்னத்துத் தழும்பு, படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்பதெல்லாம் இன்றும் தெரியும். கைதி ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிப்பதற்காகத்தான் அரசு அவரை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்தது. மதராஸிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் பட்டியலிலும் தந்தை பெயர், ஊர், உடல் அடையாளம் என்ற கட்டங்கள் உண்டு. அதே சாம்ராஜ்யம், அதே எழுத்தர் பழக்கம்.

எனவே தேடலை அயர்லாந்தில் தொடங்கக் கூடாது. சிட்னியிலோ ஹோபார்ட்டிலோ தொடங்கி, அங்கே இருக்கிற கடைசித் தாள் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கடலைத் தாண்ட வேண்டும்.

முதல் வேலை, ஆளை உறுதிசெய்வது. ஜான் கெல்லி, மேரி ரயன், பாட்ரிக் மர்ஃபி போன்ற பெயர்களில் கைதிகள் எத்தனையோ பேர். இதனால்தான் காலனி அதிகாரிகள் ஒவ்வொரு தாளிலும் பெயரோடு கப்பல் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். ஒரே கப்பல் பல பயணங்கள் வந்திருக்கும் என்பதால் வந்த ஆண்டும் வேண்டும். பெயர், கப்பல், ஆண்டு மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு மனிதர். திருமணப் பதிவில் இருக்கும் ஜான் கெல்லியும் கப்பல் பட்டியலில் இருக்கும் ஜான் கெல்லியும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்காமல் அயர்லாந்துக்குப் போனால், வேறொருவருடைய பாட்டனாரைத்தான் கண்டுபிடிப்போம். இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

கைதிகளோடு கப்பலில் வந்த பட்டியலை இன்டென்ட் என்பார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸைப் பொறுத்தவரை, ஆரம்ப கால இன்டென்ட்களில் பெயர், தண்டனை விதித்த இடம், தேதி, தண்டனைக் காலம் என்பதற்கு மேல் அதிகம் கிடையாது. அயர்லாந்திலிருந்து நேரடியாக வந்த முதல் கப்பல் 'குயீன்'. 1791 ஏப்ரலில் கார்க் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு செப்டம்பரில் சிட்னி வந்தது. அதில் வந்தவர்களின் தண்டனைக் காலத்தைக் காட்டும் தாள்கள் கப்பலோடு வரவே இல்லை. பிறகு வந்த ஐரிஷ் கப்பல்கள் சிலவற்றிலும் இதே கதைதான். ஏழாண்டு தண்டனையை முடித்துவிட்டேன் என்று ஒருவர் வந்து நின்றால், அது உண்மையா என்று பார்க்க ஆளுநரிடம் ஆவணம் இல்லை. எழுத்தர் சோம்பலால் விடுதலை தள்ளிப்போனவர்கள் இருந்தார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

1826 வாக்கில் நிலைமை மாறுகிறது. இன்டென்டில் வயது, கல்வி, மதம், திருமணம் ஆனவரா, எத்தனை குழந்தைகள், பிறந்த இடம், தொழில், குற்றம், முன் தண்டனை, உயரம், தோல் நிறம், முடி, கண், அடையாளங்கள் என்று கட்டங்கள் பெருகுகின்றன. 1830களில் இவை அச்சிட்ட படிவங்களாகவே கிடைக்கின்றன. இந்த அடையாளக் கட்டத்தை யாரும் அலட்சியமாகக் கடந்து போகக் கூடாது. கைதிகள் பலர் பச்சை குத்திக்கொண்டிருந்தார்கள்: சிலுவை, நங்கூரம், இதயம், அப்புறம் எழுத்துகள். கையில் வரிசையாக இருக்கும் இரண்டிரண்டு எழுத்துகள் பெரும்பாலும் நெருங்கியவர்களின் பெயர்களின் முதலெழுத்துகள். மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர். பின்னால் அயர்லாந்தின் பங்குப் பதிவேட்டில் ஒரு குடும்பத்தைக் கண்டு, இது நம் ஆள்தானா என்று சந்தேகம் வரும்போது, அந்த எழுத்துகள் அக்குடும்பத்தின் பெயர்களோடு பொருந்துவது வலுவான துணைச் சான்று.

இன்டென்டோடு நிற்கக் கூடாது. ஏழாண்டு தண்டனைக்காரருக்கு நான்கு ஆண்டுகளிலும், பதினான்கு ஆண்டுக்காரருக்கு ஆறிலும், ஆயுள் தண்டனைக்காரருக்கு எட்டிலும் நன்னடத்தையின் பேரில் டிக்கெட் ஆஃப் லீவ் என்ற அனுமதிச் சீட்டு கிடைக்கும். குறிப்பிட்ட மாவட்டத்துக்குள் தனக்காக வேலை செய்து பிழைக்கலாம். தண்டனை முடிந்ததும் விடுதலைச் சான்றிதழ். ஆயுள் தண்டனை பெற்றவருக்கு நிபந்தனை மன்னிப்பு. இவை ஒவ்வொன்றிலும் பிறந்த இடத்தை மறுபடி எழுதுவார்கள், பல நேரம் வேறொரு எழுத்தர், வேறு எழுத்துக்கூட்டலோடு. இன்டென்டில் வெறுமனே 'லிமரிக் கவுண்டி' என்று இருந்தவருக்கு விடுதலைச் சான்றிதழில் ஒரு சிற்றூரின் பெயர் வந்துவிடக்கூடும். 1828 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸில் எடுத்த கணக்கெடுப்பு, திருமணத்துக்கு ஆளுநரிடம் கேட்ட அனுமதி, கப்பலின் அறுவை மருத்துவர் எழுதிய நாட்குறிப்பு என்று பட்டியல் நீளும்.

எல்லாவற்றிலும் நான் உயர்வாக மதிப்பது ஒன்று உண்டு. நன்னடத்தையோடு இருந்த கைதி, தன் மனைவியையும் பிள்ளைகளையும் அரசு செலவில் வரவழைக்க விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பித்தால், மனைவி இப்போது எங்கே இருக்கிறாள், அவளைத் தெரிந்த பங்குத்தந்தை யார், நீதிபதி யார், நிலக்கிழார் யார் என்று எழுதித்தர வேண்டும். மனைவிக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டுமே, அதனால் ஊர்ப் பெயரை அந்த மனிதர் சரியாகச் சொல்லியிருப்பார். அதே வழக்கின் மறுபாதி டப்ளினில் இருக்கிறது: கணவனிடம் போக இலவசப் பயணம் கேட்டு மனைவிமார் கொடுத்த மனுக்கள், இலவசக் குடியேறிகள் தாள்கள் என்ற தொகுப்பில், 1828 முதல் 1852 வரை. விண்ணப்பித்த எல்லாரும் சேர்ந்துவிடவில்லை. பலருக்குப் பதிலே வரவில்லை, சிலர் பதில் வருவதற்குள் இறந்துபோனார்கள். ஆனாலும் அந்த மனு தாளில் நிற்கிறது, ஊர்ப் பெயரோடு.

வான் டீமன்ஸ் லேண்ட், அதாவது இன்றைய டாஸ்மேனியா, இன்னும் தாராளம். அயர்லாந்திலிருந்து அங்கே பெருமளவில் நேரடியாக அனுப்பத் தொடங்கியது 1840இல். அந்த ஆண்டோடு நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. 1853 வரை இது தொடர்ந்தது, நடுவில் பஞ்ச ஆண்டுகள் வந்தன. அந்தக் கால ஹோபார்ட் பதிவேடுகளில் பெற்றோர், அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர்களையும் அவர்கள் இருக்கும் ஊரையும் கேட்டு எழுதியிருப்பார்கள். உருளைக்கிழங்கு அழுகிய ஆண்டுகளில் ஒரு செம்மறியாட்டைத் திருடிய ஒரு பெண்ணின் நான்கு சகோதரர்களுடைய பெயர்கள் அவளுடைய கைதிப் பதிவில் மட்டுமே மிஞ்சியிருக்கக்கூடும். இந்த நடத்தைப் பதிவேடுகள் டாஸ்மேனியா அரசு நூலகத்தின் வலைத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்களை 2007இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதற்கு அவை முழுத் தகுதி உள்ளவை.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். 1880இல் மெல்பர்னில் தூக்கிலிடப்பட்ட புகழ்பெற்ற கொள்ளைக்காரர் நெட் கெல்லியின் தந்தை ஜான் கெல்லி நாடுகடத்தப்பட்ட ஐரிஷ்காரர். செம்பட்டை முடியால் ரெட் கெல்லி என்று அழைக்கப்பட்டவர். மகன் கதாநாயகனாகிவிட்டதால் தந்தையின் குற்றமும் கதையோடு சேர்ந்து பெரிதானது. நிலக்கிழார் ஒருவரைச் சுட்டுக் கொல்ல முயன்றதற்காக அனுப்பப்பட்டார் என்று, 1881இல் விக்டோரியா போலீஸை விசாரித்த ராயல் கமிஷனின் அறிக்கையிலேயே அந்தக் கதை ஏறியது. ஆவணம் சொல்வது வேறு. 1841 ஜனவரியில் டிப்பரேரி கவுண்டியின் கேஷல் ஊரில் தண்டிக்கப்பட்டார். குற்றம், இரண்டு பன்றிகளைத் திருடியது. ஏழாண்டு நாடுகடத்தல். 'பிரின்ஸ் ரீஜன்ட்' கப்பலில் 1842 ஜனவரியில் ஹோபார்ட் வந்து சேர்ந்தார். 1848இல் விடுதலைச் சான்றிதழ் வாங்கி, கடலைத் தாண்டி இன்றைய விக்டோரியாவுக்குப் போய், 1850இல் மெல்பர்னில் எலன் குவினை மணந்தார்.

அவருடைய ஊர் எது? விசாரணை நடந்த இடத்தை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் கேஷலையே சுற்றிச்சுற்றி வந்திருப்போம். கேஷல் என்பது நீதிமன்றம் கூடிய ஊர், அவ்வளவுதான். அவர் குடும்பம் இருந்தது அங்கிருந்து சற்றுத் தள்ளி, மொய்கிளாஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில். 1820இல் ஞானஸ்நானம், பெற்றோர் தாமஸ் கெல்லி, மேரி கோடி. இந்த விவரம் பங்குப் பதிவேட்டில் இருந்தது நல்லூழ், ஏனென்றால் டிப்பரேரி போன்ற ஓரளவு வளமான தெற்குக் கவுண்டிகளில்தான் கத்தோலிக்கப் பதிவேடுகள் அவ்வளவு முன்பே தொடங்குகின்றன. ஒரு குடும்பக் கதை எப்படிப் பிறக்கிறது என்பதையும் இதில் பார்க்கலாம். இரண்டு பன்றிகளைவிட ஒரு நிலக்கிழாரைச் சொல்வது பேரப்பிள்ளைகளுக்கு எளிது. கதையை நம்பி 1841ஆம் ஆண்டின் நிலத் தகராறு வழக்குகளை மட்டும் புரட்டியிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டார்.

கெல்லிக்கு ஒரு வசதி இருந்தது: அவர் 1836க்குப் பிறகு தண்டிக்கப்பட்டவர். டப்ளினில் நாடுகடத்தல் பதிவேடுகள் 1836 முதல் 1857 வரை இருக்கின்றன. அதற்கு முந்தைய பதிவேடுகள் மட்டும் ஃபோர் கோர்ட்ஸுக்கு மாற்றப்பட்டிருந்ததால் 1922இல் எரிந்தன. 1988இல், ஆஸ்திரேலியாவின் இருநூறாவது ஆண்டு நிறைவை ஒட்டி, அயர்லாந்து அரசு தன்னிடம் மிஞ்சியிருந்த நாடுகடத்தல் ஆவணங்களை மைக்ரோஃபிலிமாக எடுத்து, பெயர்ப் பட்டியலோடு ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகத் தந்தது. அந்தப் பட்டியல்தான் இன்று அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் வலைத்தளத்தில் தேடக் கிடைப்பது. அதில் பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை என்று பொருளல்ல. 1836க்கு முன் போனவர், தன் தண்டனையைக் குறைக்க மனு கொடுத்திருந்தால் மட்டுமே அதில் இருப்பார்.

அந்த மனுக்கள் தனி உலகம். அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதியாக இருந்த லார்ட் லெஃப்டினன்டுக்கு எழுதிய அந்தத் தாள்களில் கைதியின் வயதான தாய், பால்குடிக் குழந்தைகள், குத்தகை பாக்கி எல்லாம் வரும். அடியில் பங்குத்தந்தை கையெழுத்து, அண்டை விவசாயிகள் கையெழுத்து, சில நேரம் தண்டித்த ஜூரிகளின் கையெழுத்தேகூட. குழந்தைகளின் எண்ணிக்கையும் தாயின் வயதும் கொஞ்சம் கூட்டிச் சொல்லப்பட்டிருக்கலாம். மன்றாடுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் கையெழுத்திட்ட பங்குத்தந்தை எந்தப் பங்கில் இருந்தார் என்று கண்டுபிடித்துவிட்டால், பாதித் தூரம் கடந்தாயிற்று.

மனுவும் இல்லாத 1836க்கு முந்தைய கைதிக்கு வேறு வழிகள் உண்டு. அரசியல் காரணமாக அனுப்பப்பட்டவரென்றால் 1790களிலிருந்து 1807 வரையிலான கலகத் தாள்களைப் பார்க்க வேண்டும். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள் 1800இல் 'மினர்வா', 'ஃப்ரெண்ட்ஷிப்' கப்பல்களில் சிட்னி வந்தார்கள்; 1804இல் சிட்னிக்கு அருகே காசில் ஹில்லில் கலகம் செய்த கைதிகளில் அவர்களும் இருந்தார்கள். 1822க்கும் 1825க்கும் இடையே தண்டிக்கப்பட்டவரென்றால் குற்றம் என்ற இடத்தில் 'இன்சரக்‌ஷன் சட்டம்' என்று இருக்கிறதா பாருங்கள். அமைதியற்றதென்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை வீட்டுக்கு வெளியே காணப்பட்டாலே, ஜூரி இல்லாத விசாரணையில் ஏழாண்டு நாடுகடத்தல் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தந்தது. வீட்டில் இல்லாத குற்றத்துக்காக உலகின் மறுமுனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கும் சாதாரணத் திருட்டுக்காகப் போனவர்களுக்கும், சுற்றில் வரும் நீதிபதிகள் மார்ச், ஜூலை மாதங்களில் கூட்டிய அசைஸ் நீதிமன்றங்களையும் சிறப்பு அமர்வுகளையும் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுதிய செய்திகளைத் தேட வேண்டும். திருட்டுக் கொடுத்தவரின் பெயரும் ஊரும் செய்தியில் இருக்கும். ஏழைகள் பெரும்பாலும் நடந்து போகும் தூரத்தில்தான் திருடினார்கள் என்பதால், பாதிக்கப்பட்டவரின் ஊர் கைதியின் ஊருக்குப் பக்கம். பின்னாளைய சிறைப் பதிவேடுகளிலும் பிறந்த இடம் உண்டு.

சரி, ஒரு ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டது. அது வரைபடத்தில் இல்லை. இப்போது என்ன செய்வது?

அயர்லாந்தின் நிலப் பிரிவுகள் புரிந்தால்தான் இது தெளிவாகும். 32 கவுண்டிகள், கவுண்டிக்குள் பாரனி, அதற்குள் சிவில் பங்கு, அதற்குள் டவுன்லேண்ட். பெயரைப் பார்த்து நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். டவுன்லேண்ட் என்பது சில பத்து ஏக்கரிலிருந்து சில நூறு ஏக்கர் வரை பரந்த வயலும் மேய்ச்சலும் சில வீடுகளும்தான். நாடு முழுக்க 60,000க்கும் மேற்பட்டவை. ஐரிஷ்காரர் ஒருவர் 'என் ஊர்' என்று சொல்வது இதைத்தான். ஐரிஷ் மொழியில் இருந்த பெயரை, எழுதத் தெரியாத கைதி தன் உச்சரிப்பில் சொல்ல, சிட்னியில் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். எனவே அதை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். பிறகு 1851 கணக்கெடுப்பை ஒட்டி வெளியான டவுன்லேண்டுகளின் அகரவரிசைப் பட்டியலில் ஒலி பொருந்தும் பெயர்களை எல்லாம் எடுத்து, விசாரணை நடந்த கவுண்டிக்குள் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கிங்ஸ் கவுண்டி இன்று ஆஃபலி, குயீன்ஸ் கவுண்டி இன்று லீஷ், கிங்ஸ்டவுன் துறைமுகம் இன்று டன் லேரி. இதெல்லாம் தெரியாமல் இன்றைய வரைபடத்தைப் புரட்டிச் சோர்ந்தவர்கள் நிறைய.

ஆள் பெயரும் அப்படியே நிற்காது. ஓ, மக் என்ற முன்னொட்டுகள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் உதிர்ந்திருந்தன. ஓ'ரைலி ரைலி ஆனார். ஹொனோரா என்று ஞானஸ்நானம் பெற்றவள் நோரா ஆவாள். பிரிஜெட், பிடி ஆவாள், சில நேரம் டீலியா. தைக் என்ற ஐரிஷ் பெயர் ஆங்கிலத் தாளில் திமொத்தி, பேச்சில் தேடி. டியர்முட் என்பவர் ஜெரமையா ஆகியிருப்பார், டார்பியும் ஆகியிருப்பார். கத்தோலிக்கப் பதிவேடு பல இடங்களில் லத்தீனில் இருப்பதால் ஜேம்ஸ் அங்கே யகோபுஸ். ஆனால் பெயர் வைக்கும் வழக்கம் ஒரு நல்ல துணை: தலைமகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர் என்று பல குடும்பங்கள் வைத்தன. சிட்னியில் கைதிக்குப் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதினால் அயர்லாந்தில் அவருடைய பெற்றோர் பெயர் என்னவாக இருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், சான்று அல்ல.

கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாக வைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள், சுமார் 1880 வரை. நகரங்களிலும் கிழக்கு, தெற்குப் பகுதிகளிலும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சில கிடைக்கும். மேற்கே கானக்ட் பகுதியில் பல பங்குகளின் பதிவேடு 1820, 30களுக்கு முன் கிடையாது. 1805இல் மேயோவில் பிறந்த கைதியின் ஞானஸ்நானத்தைத் தேடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. அந்தப் பதிவு ஒருபோதும் இருந்திருக்காது. அப்படிப்பட்டவருக்கு அவருடைய தம்பி தங்கைகளைத் தேடுவதே வழி. அவர்கள் திருமணம் செய்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த காலத்தில் பதிவேடு தொடங்கியிருக்கும். ஞானப்பெற்றோர் பெயர்களையும் சேர்த்துப் படியுங்கள், அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்.

உடன்பிறந்தோரைத் தேடுவது வேறு வகையிலும் பலன் தரும். நாடுகடத்தப்பட்டவர் ஓரளவு தலையெடுத்ததும் தம்பி, தங்கை, அக்காள் மகன் என்று பின்னாலேயே, பயணச் செலவுக்கு உதவி பெற்ற 'உதவிக் குடியேறிகளாக'ப் பலர் வந்தார்கள். அந்தக் குடியேறிகளின் பட்டியலில் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், காலனியில் இருக்கும் உறவினர் யார் என்ற விவரங்கள் உண்டு. கைதி மறைத்ததை அல்லது மறந்ததைத் தங்கை சொல்லியிருப்பாள். காலனியின் இறப்புச் சான்றிதழும் முக்கியம். நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச்சில் பதிவு கட்டாயமான பிறகு இறந்தவரென்றால் பெற்றோர் பெயர், பிறந்த இடம், காலனியில் எத்தனை ஆண்டுகள் என்று இருக்கும். தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தையும் பார்த்துவிடுங்கள். கைதி என்ற அவமானத்தை மறைக்க, காலனியில் இருந்த ஆண்டுகளை மகன் குறைத்துச் சொல்லியிருப்பான். பாட்டியின் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

மரபணுச் சோதனை இப்போது பலரும் முதலில் கையில் எடுக்கும் கருவி. 1830களின் கைதி இன்று நடுத்தர வயதிலிருக்கும் ஒருவருக்கு ஏறத்தாழ ஐந்து தலைமுறைக்கு முந்தைய மூதாதை. அந்தத் தலைமுறையில் நமக்கு 32 பேர் உண்டு. ஒவ்வொருவரிடமிருந்தும் வருவது சராசரியாக மூன்று சதவீதம்தான். அதனால் சோதனை முடிவு மட்டும் ஊரைச் சொல்லாது. ஆனால் அதே கைதியின் அக்காள் பாஸ்டனுக்குப் போயிருந்து, அவளுடைய வாரிசுகளிடம் ஊர்ப் பெயர் தெரிந்திருந்தால், அந்தப் பொருத்தம் ஒரு பங்கையே காட்டிவிடும். குடும்பத்தில் இருக்கும் மிக வயதானவரைச் சோதிக்கச் சொல்வது நல்லது, ஒரு தலைமுறை நெருக்கம் கூடும்.

பங்கு தெரிந்தபின் நிலத்துக்கு வரலாம். 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரிப் (அயர்லாந்து திருச்சபைக்காக வசூலித்த வரி) புத்தகங்களில் நிலம் வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள், கூலிகள் இல்லை. 1847க்கும் 1864க்கும் இடையே அச்சான கிரிஃபித் மதிப்பீடு, அதாவது வரி விதிப்பதற்காக நிலங்களையும் வீடுகளையும் மதிப்பிட்ட பட்டியல், அதைவிட விரிவு, டவுன்லேண்ட் வாரியாக ஒவ்வொரு குடியிருப்பாளர் பெயரும் வரைபட எண்ணும் தரும். பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்து, அதே அளவு மக்கள் வெளியேறியபின் பெரும்பகுதி எடுக்கப்பட்ட கணக்கு அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் குடும்பம் அதில் இல்லாமல் போயிருந்தால் காரணம் அதுவாகவே இருக்கலாம். எரிந்துபோன கணக்கெடுப்பிலும் சில துண்டுகள் வேறு வழியில் மிஞ்சின. 1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, வயதுச் சான்று இல்லாத கிழவர்களும் கிழவிகளும் 1841, 1851 கணக்கெடுப்பில் தங்கள் பெயரைத் தேடித்தரும்படி விண்ணப்பித்தார்கள். எழுத்தர்கள் குறித்துவைத்த அந்தத் தேடல் படிவங்கள் இன்றும் இருக்கின்றன. கைதியின் தம்பி மகளோ தங்கை மகனோ அதில் ஒருவராக இருந்தால், பஞ்சத்துக்கு முந்தைய ஒரு வீடே பெற்றோர் பெயரோடு கிடைத்துவிடும். எரிந்தவற்றின் பிரதிகளை உலகெங்கும் தேடிச் சேர்த்து டப்ளின் டிரினிட்டி கல்லூரி முன்னின்று உருவாக்கி 2022இல் திறந்த மெய்நிகர் ஆவணக் கருவூலத்தையும் அவ்வப்போது பார்ப்பது நல்லது.

கிரிஃபித் மதிப்பீட்டில் குடும்பப் பெயர் ஒரு டவுன்லேண்டில் நின்றுவிட்டதென்றால், அதன் தொடர்ச்சியாக மதிப்பீட்டு அலுவலகம் வைத்திருந்த திருத்தப் புத்தகங்களைக் கேளுங்கள். நிலம் கை மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, ஒவ்வொரு முறையும் வேறு நிற மையில் புதுப் பெயரை எழுதியிருப்பார்கள். இப்படி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை வரும். கைதியின் அண்ணன் வைத்திருந்த அதே எட்டு ஏக்கர் அவர் மகனுக்கும் பேரனுக்கும் போனதா, விற்கப்பட்டதா, விதவை பேரில் எழுதப்பட்டதா என்பது ஆண்டோடு தெரிந்துவிடும். பேரன் வரை வந்து நின்றால், அந்தப் பங்கின் இன்றைய பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் போடலாம்.